கஸ்டமர் சப்போர்ட்டிலிருந்து பிசினஸ் அனலிஸ்ட்: ரெஸ்யூமே எங்கே இடிக்கிறது?

வழிப்போக்கன்:
வணக்கம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில வருடங்களாகக் கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கிறேன். பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை. வந்த ஒரு நேர்காணலில் "ரிக்வயர்மென்ட் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைக் குறிப்பு) எழுதியிருக்கிறீர்களா?" என்றார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

ரெஸ்யூமேயில் முக்கிய வரி இதுதான் (டிக்கெட் என்பது ஒவ்வொரு புகாருக்கும் போடும் பதிவு): "வாடிக்கையாளர் புகார்களை உரிய நேரத்தில் தீர்த்து டிக்கெட்டுகளை முடித்தேன்." எக்செல் நன்றாகத் தெரியும், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) அரைகுறை, புரோகிராமிங் வராது. முதலில் சான்றிதழ் வாங்கவா, எஸ்கியூஎல் படிக்கவா, வேறு ஏதாவது செய்யவா? இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது.

செம்பருத்தி:
சான்றிதழ் என்றால் ஐஐபிஏ (பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சர்வதேச அமைப்பு) தரும் ஆரம்ப நிலைச் சான்றிதழான ஈசிபிஏ பாருங்கள், அதற்கு முன் அனுபவம் கேட்பதில்லை. அதே அமைப்பின் அடுத்த நிலைச் சான்றிதழ்களான சிசிபிஏவுக்கு 3,750 மணி நேரமும், சிபிஏபிக்கு 7,500 மணி நேரமும் அனலிஸ்ட் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். "புதியவர்களுக்கு நேரடியாக சிபிஏபி" என்று எந்தப் பயிற்சி மையமாவது ஆசை காட்டினால் பக்கமே போகாதீர்கள்.

ஓரக்கண்:
சான்றிதழ் அப்புறம். சிக்கல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைப் படிக்கிறவருக்கு, நீங்கள் புகாரை மூடியவர் என்பது மட்டும்தான் தெரியும். அது ஏன் வந்தது என்று தோண்டியவரா என்று தெரியாது. அனலிஸ்ட் வேலையே அந்தத் தோண்டல்தான். சொல்லுங்கள், உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் புகார் எது?

வழிப்போக்கன்:
"ரீஃபண்ட் எங்கே?" என்பதுதான். திரையில் 'முடிந்தது' என்று காட்டும், கணக்கில் பணம் வந்திருக்காது. உடனே அழைப்பார்கள். வங்கிக்குக் கோரிக்கை போன அந்த நொடியே எங்கள் சிஸ்டம் 'முடிந்தது' என்று மாற்றிவிடுகிறது, அதனால்தான். இந்த அழைப்புகளைச் சமாளிக்க சாட்பாட் வைக்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு.

ஓரக்கண்:
பாருங்கள், பாதி வேலையைச் செய்து முடித்துவிட்டு, செய்யவே இல்லை என்று நேர்காணலில் சொல்லியிருக்கிறீர்கள்!

சாட்பாட் என்பது யாரோ யோசித்த தீர்வு. தேவை வேறு: பணம் இப்போது எங்கே நிற்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை சாட்பாட்டும் அதே தப்பான 'முடிந்தது' என்பதைத்தான் சொல்லும்.

இதை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். இப்போது நடப்பதற்கு ஒரு ஸ்விம்லேன் படம் (எந்தப் படியை யார் செய்கிறார் என்று வரிசை வரிசையாகக் காட்டுவது), நிலை எந்த இடத்தில் தவறாக மாறுகிறது என்ற குறிப்பு, ஒரு யூசர் ஸ்டோரி (பயன்படுத்துபவருக்கு என்ன வேண்டும், ஏன் என்று சொல்லும் ஒரு வரி), அதன் அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா (வேலை சரியாக முடிந்தது என்று சோதிக்கும் நிபந்தனைகள்). நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் விவரம், உள் திரைகளின் படம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஸ்டோரியை இங்கேயே எழுதிக் காட்டுங்களேன்.

வழிப்போக்கன்:
முயற்சி செய்தேன்.

ஸ்டோரி: பொருளைத் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளராக, என் பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன், சப்போர்ட்டை அழைக்காமலே தெரிந்துகொள்வதற்காக.

கிரைட்டீரியா: நிலை தெளிவாகத் தெரிய வேண்டும். தகவல் சீக்கிரம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

ஓரக்கண்:
ஸ்டோரி சரி. கிரைட்டீரியா நிற்காது. 'தெளிவாக', 'சீக்கிரம்' என்பதை வைத்து டெஸ்டர் எதைச் சரிபார்ப்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"கோரிக்கை வங்கிக்குப் போய், பணம் சேர்ந்ததற்கான உறுதி இன்னும் வராதபோது, வாடிக்கையாளர் ஆர்டர் பக்கத்தைத் திறந்தால், 'வங்கிக்கு அனுப்பப்பட்டது' என்ற நிலையும் அனுப்பிய தேதியும் தெரிய வேண்டும். 'முடிந்தது' என்று வரக் கூடாது."

இது நல்லபடியாக நடக்கும் வழிக்கு மட்டும். வங்கி நிராகரித்தால் என்ன காட்டுவது? தொகையில் ஒரு பகுதி மட்டும் திரும்பினால்? இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்: பணம் வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்தது என்ற தகவல் உங்கள் சிஸ்டத்துக்குத் திரும்பி வருகிறதா? டெவலப்பரிடம் கேளுங்கள். வராது என்றால் 'சேர்ந்துவிட்டது' என்ற நிலையை உங்களால் காட்டவே முடியாது; அனுப்பிய தேதியோடு எதிர்பார்க்கும் கால அளவைச் சொல்வதுதான் வழி. அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஸ்டோரியை எஸ்டிமேட்டுக்கு (எவ்வளவு வேலை என்று டெவலப்பர்கள் கணிப்பதற்கு) அனுப்பாதீர்கள்.

தாழம்பூ:
எஸ்கியூஎல்லையும் இதே புகாரை வைத்தே படிக்கலாம், தனி கோர்ஸ் வேண்டாம். ரீஃபண்ட் கேட்ட ஆர்டர்களையும் ரீஃபண்ட் அட்டவணையையும் லெஃப்ட் ஜாயின் செய்தால் (ஆர்டர்கள் எல்லாவற்றையும் இடப்பக்கம் வைத்து, பொருந்தும் ரீஃபண்டை வலப்பக்கம் சேர்த்தால்), வலப்பக்கம் நல், அதாவது காலி, என்று வருபவைதான் கேட்டும் பதிவே ஆகாதவை. ஒரு ஆர்டருக்கு ரீஃபண்ட் இரண்டு தவணையாகப் போயிருந்தால் ஜாயினில் அந்த ஆர்டர் இரண்டு வரிசையாக வரும். அப்படியே ஆர்டர் தொகையைக் கூட்டினால் இரட்டிப்பாகிவிடும். இந்த இடத்தை விளக்கத் தெரிந்தால் ஆரம்ப நிலை நேர்காணலுக்குப் பெரும்பாலும் போதும்.

செம்பருத்தி:
எல்லாம் சரி, ஆனால் ரெஸ்யூமேயைத் தாண்டினால்தானே அந்த இரண்டு பக்கத்தை யாராவது படிப்பார்கள்? வடிகட்டும் இடத்தில் சான்றிதழ் பெயர் இருந்தால் உதவும் என்றுதான் இன்னும் சொல்வேன்.

ஓரக்கண்:
வெளியே தேடினால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இவருக்கு உள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது. சப்போர்ட் ஆட்களுக்கு வாடிக்கையாளர் எங்கே தடுமாறுவார் என்பது அத்துப்படி, யூஏடிக்கு (வெளியிடும் முன் பயன்படுத்துபவர் பார்வையில் சோதிப்பது) அப்படிப்பட்டவர்கள் தேவை. அடுத்த ரிலீஸில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

வழிப்போக்கன், அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: "ரீஃபண்ட் புகார்கள் மீண்டும் மீண்டும் வரும் காரணத்தைக் கண்டறிந்து, நடைமுறைப் படமும் யூசர் ஸ்டோரியும் அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவும் தயாரித்தேன்." எழுதி முடித்த பிறகு மட்டும்! "புகார்களைக் குறைத்தேன்" என்று போடாதீர்கள், மாற்றம் இன்னும் நடக்கவில்லை. எத்தனை டிக்கெட் இந்த வகை என்று எக்செலில் எண்ணி, அந்த எண்ணைச் சேர்த்தால் போதும்.

வழிப்போக்கன்:
நன்றிங்க. ஒரே ஒரு சந்தேகம்: இதை நேராக அனலிஸ்ட் டீமிடம் காட்டலாமா, என் மேனேஜரிடமா?

தாழம்பூ:
மேனேஜரிடம் முதலில். அவரைத் தாண்டிப் போனால் யூஏடிக்கு உங்களை விடுவிக்க வேண்டியவரே முகம் திருப்பிக்கொள்வார்.