பாய்மரம் தூக்கும்போது பாதியில் இடப்பக்கம் சரிகிறது, என்ன செய்யலாம்?

அணியம்22:
டிரெய்லரில் நிற்கும் 22 அடிப் படகு. 25 அடி அலுமினியப் பாய்மரம், கம்பிகளோடு சேர்த்து 25 கிலோ. மரத்தின் அடியில் கீல் (மடக்கும் இணைப்பு) உண்டு, பின்பக்கமாகப் படுக்கும். 2 மீட்டர் ஜின் போலும் (மரத்தடியில் நிறுத்தி, இழுவைக்கு உயரம் கொடுக்கும் கம்பு) 4:1 கப்பியும் (கை இழுவையை நாலு மடங்காக்குவது) வைத்துத் தூக்குகிறோம். 30 டிகிரி வரை ஒழுங்காக வருகிறது. அப்புறம் இடப்பக்கம் சரிந்து கீல் முறுகுகிறது. ஷ்ரௌட் கம்பிகள் (மரத்தைப் பக்கவாட்டில் தாங்குபவை) இரண்டு பக்கமும் மாட்டித்தான் இருக்கின்றன. கப்பி போதவில்லையா?

கப்பிக்கயிறு:
கப்பி தாராளம். எடை மையம் கீலிலிருந்து 3.7 மீட்டர் என்று வையுங்கள். 25 × 3.7 = சுமார் 92. ஜின் போல் செங்குத்தாக நிற்க, கயிறு கட்டும் இடம் கீலுக்கு 2.3 மீட்டர் முன்னால் இருந்தால், கீலிலிருந்து கயிற்றுக்குச் செங்குத்துத் தூரம் 1.5 மீட்டர். 92-ஐ அதால் வகுத்தால் இழுவை 61 கிலோ. நாலால் வகுத்து உராய்வையும் சேர்த்தால் கையில் 20 கிலோ. அதுவும் தொடக்கத்தில் மட்டும், எழ எழக் குறையும். கயிறு 15 மீட்டராவது இருக்கட்டும்.

கோளாறு ஷ்ரௌடில். அதன் அடி, கீலைவிடத் தாழ்வாக டெக்கில் இருக்கிறது. அதனால் மரம் படுத்திருக்கும்போது தொய்யும், நேராக நிற்கும்போதுதான் இறுகும். நடுவழியில் பக்கவாட்டுப் பிடி என்று ஒன்றுமே இல்லை. தனியாகப் பக்கக் கயிறு வேண்டும்.

அணியம்22:
அதையும் பார்த்தாயிற்று அண்ணா. மரத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டான்சன் (டெக் ஓரத்துக் கைப்பிடித் தூண்) அடிக்குக் கட்டினால், முதலில் விறைத்து நிற்கிறது, மேலே போனதும் தொளதொளவென்று ஆகிவிடுகிறது.

கப்பிக்கயிறு:
அப்படியானால் கட்டிய இடம் கீலுக்கு முன்னால் இருக்கிறது தம்பி. பின்னால் கட்டியிருந்தால் போகப்போக இறுகும். கீலின் ஆணியை இரண்டு பக்கமும் நீட்டினால் ஒரு கோடு வருமல்லவா, கயிற்றின் அடிமுனை அந்தக் கோட்டிலேயே இருக்க வேண்டும். அங்கே ஸ்டான்சன் இருக்காது. அதனால் ஒரு எஃகு வளையத்தை, முன் ஸ்டான்சனுக்கு ஒரு கயிறு, பின் ஸ்டான்சனுக்கு ஒரு கயிறு என்று கட்டி, அது கீல் உயரத்தில் அதே கோட்டில் நிற்கும்படி நீளம் சரிசெய்யுங்கள். பக்கக் கயிறு அந்த வளையத்திலிருந்து மேலே போகட்டும். 5 மி.மீ. டைனீமா (எளிதில் நீளாத செயற்கை இழைக் கயிறு) போடுங்கள், நைலான் இழுபடும், இந்த வேலைக்கு உதவாது. ஜின் போல் நுனிக்கும் இதே வளையங்களிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு தேவை. போல் சாய்ந்தால் மரமும் அதன் பின்னாலேயே போகும்.

நீரோட்டம்:
இன்னும் சில. கீழ் ஷ்ரௌடில் (மரத்தின் நடு உயரத்தில் மாட்டும் கம்பிகள்) முன்ஜோடி, கீலுக்கு முன்னால் இருப்பதால் மரம் படுத்தால் எட்டாது. கழற்றி வைத்து, நிறுத்திய பிறகு மாட்டுங்கள். டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) டெக்கில் குப்புறக் கிடந்தபடியே இறுகினால் மரை வளைந்துவிடும். 45 டிகிரியில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் பாருங்கள். கயிறு திடீரென்று கனத்தால் இழுக்கவே கூடாது, எங்கோ சிக்கியிருக்கிறது.

கப்பியை முன்ஸ்டே (மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் கம்பி) மாட்டும் தகட்டில் கொக்கி போடாதீர்கள், அந்தத் துளை கடைசியில் முன்ஸ்டேக்குக் காலியாக இருக்க வேண்டும். முன்ஸ்டே ஆணிக்கு அரை அங்குலம் எட்டாமல் நின்றால், பின்ஸ்டேயையும் (பின்னாலிருந்து பிடிக்கும் கம்பி) கீழ் ஷ்ரௌடின் பின்ஜோடியையும் ஐந்தாறு சுற்று தளர்த்துங்கள். ஆணி போட்டு, காட்டர் பின் (ஆணி கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) விரித்த பிறகுதான் கப்பியைக் கழற்றலாம்.

டிரெய்லர் வண்டியோடு கோத்திருக்கட்டும். முக்கியமாக, தொடங்கும் முன் தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குள் தள்ளும் பாதைக்கு மேலேயும்.