பகுப்பாய்வைப் புரோக்கருக்குள்ளேயே வைக்கலாமா?

ஓடைக்கரை:
ஒவ்வொரு சென்சாரின் சராசரி வெப்பநிலையையும் நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிட்டு, வரம்பு மீறினால் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். இதற்காக எல்லா மெசேஜ்களையும் புரோக்கரிலிருந்து (மெசேஜ்களை வாங்கி வைத்திருந்து கேட்டவருக்குக் கொடுக்கும் சர்வர்) வெளியே இழுத்து, ஃபிளிங்க் போன்ற கணக்கீட்டு மென்பொருள் ஓடும் தனிக் கிளஸ்டரில் (கணினிக் கூட்டத்தில்) கணக்கிட்டு, விடையை மறுபடியும் அதே புரோக்கரில் எழுதுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகவே எனக்குப் படுகிறது. தரவு கிடக்கும் இடத்திலேயே கணக்கை முடித்தால் என்ன?

பதிவேடு:
வாங்கியதைச் சிதையாமல் வைத்திருந்து கேட்டவருக்குக் கொடுப்பதே புரோக்கரின் வேலை. காஃப்கா என்னும் புரோக்கர் மென்பொருள் வேகமாக இருப்பதற்கு ஒரு காரணம், மெசேஜின் உள்ளடக்கத்தை வெறும் பைட்டுகளாகவே கருதி, பேஜ் கேஷிலிருந்து (கோப்புகளை இயங்குதளம் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) நேராக நெட்வொர்க்குக்குத் தள்ளிவிடுவதுதான். உங்கள் கணக்கு அந்த நினைவகத்துக்கும் சிபியுவுக்கும் போட்டியாக வரும். அதில் ஒரு பிழை நேர்ந்தால், அந்தக் கணக்கோடு தொடர்பே இல்லாத பயனர்களின் மெசேஜ்களும் தேங்கும். காஃப்காவின் சொந்தக் கணக்கீட்டுக் கருவியாக 2016இல் வந்த காஃப்கா ஸ்ட்ரீம்ஸ்கூடப் புரோக்கருக்குள் அமரவில்லை. பயன்பாட்டுக்குள் இயங்கும் நூலகமாகவே வந்தது.

ஓடைக்கரை:
நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிறர் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் குறியாக்கத்தை இயக்கியவுடன் நேராகத் தள்ளும் அந்த வசதி போய்விடுகிறதே! பல்சார் என்ற இன்னொரு மென்பொருளில் ஃபங்ஷன்களை (மெசேஜ்கள்மேல் ஓடும் சிறு நிரல்களை)ப் புரோக்கருடன் சேர்த்தே இயக்க முடிகிறது. ரெட்பாண்டா என்ற மற்றொன்று, வெப்அசெம்பிளி என்ற வடிவத்துக்குத் தொகுத்த நிரலைப் புரோக்கருக்குள் அடைத்து இயக்குகிறது.

பதிவேடு:
ரெட்பாண்டாவில் நடப்பது மெசேஜை ஒவ்வொன்றாகப் பார்த்து வடிகட்டுவதும் மாற்றி எழுதுவதும்தான். அதை நானும் மறுக்கவில்லை. சராசரிக்கோ இடைநிலைக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும். மெசேஜ்களைப் பிரித்து வைக்கும் பகுதிகளில் ஒன்றான ஒரு பார்ட்டிஷனின் தலைமை வேறு கணினிக்கு மாறும்போது, மெசேஜ்களின் நகல் அங்கே இருக்கும், ஆனால் பாதிவரை கூட்டிவைத்த தொகை இருக்காது. அதையும் நகலெடுக்கத் தொடங்கினால், தனிக் கிளஸ்டரில் வேண்டாமென்று விட்ட சிக்கலையெல்லாம் புரோக்கருக்குள் மறுபடியும் கட்டுகிறீர்கள் என்று பொருள்.

கீவேலி:
நடுவில் ஒரு கேள்வி. எந்த மெசேஜ் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று முடிவுசெய்யும் பார்ட்டிஷன் கீ சென்சார் எண்ணா? அப்படியானால் ஒரு சென்சாரின் எல்லா மெசேஜ்களும் ஒரே பார்ட்டிஷனில் சேரும், கணக்கு சுலபம். நாளை யாராவது கட்டடவாரியான சராசரியைக் கேட்டால், பல பார்ட்டிஷன்களில் சிதறிக் கிடப்பதைப் புதிய கீயின்படி மறுபடியும் பிரித்தாக வேண்டும். அப்போது தரவு நெட்வொர்க்கில் பயணம் செய்தே தீரும், கணக்கு எங்கே நடந்தாலும் சரி.

ஓடைக்கரை:
ஆம், சென்சார் எண்தான். கட்டடவாரியான கணக்கு வந்தால் அதை வெளியேதான் வைப்பேன். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதிவேடு அவர்கள் சொன்ன இழப்பு என்னை அச்சுறுத்தவில்லை. தொகை தொலைந்தால் கடைசி ஒரு நிமிட மெசேஜ்களை மறுபடியும் படித்தால் போதுமே.

பதிவேடு:
இணைப்பு அறுந்து இருபது நிமிடம் கழித்துத் திரும்பும் சென்சார், பழைய நேர முத்திரையோடு அளவீடுகளை அனுப்பும். அவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால், நீங்கள் மூடிவிட்ட நேரச் சாளரங்கள் (ஒவ்வொரு சராசரிக்கும் எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடத் துண்டுகள்) அத்தனையும் அதுவரை திறந்திருக்க வேண்டும். ஒரு நிமிடக் கணக்கு இருபது நிமிடக் கணக்காகிவிடும்.

ஓடைக்கரை:
இருபது நிமிடத்துக்கு முந்தைய வெப்பத்துக்கு இப்போது எச்சரிக்கை அனுப்பி யாருக்குப் பயன்? தாமதமாக வருவதைக் கணக்கில் சேர்க்காமல் சேமிப்புக்கு மட்டும் அனுப்பிவிடுவேன்.

பதிவேடு:
எச்சரிக்கைக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அதே எண்களை எடுத்து மாத அறிக்கை தயாரிக்க மட்டும் யாரையும் விட்டுவிடாதீர்கள்.