ரோமானிய வெள்ளிக்காசு: அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். கரூரில் தாத்தா சேர்த்து வைத்த காசுகளில் இது ஒன்று. எடை 3.6 கிராம். முன்புறம் இலைமாலை சூடிய தலை, வலப்பக்கம் பார்க்கிறது. பின்புறம் இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் பேரர்கள் கையஸ், லூசியஸ் உருவத்தோடு வெளியிட்ட தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்றே நினைக்கிறேன். அவருக்குப் பின் வந்த பேரரசர் திபேரியஸின் காசு என்றால் பின்புறம் பெரும்பாலும் அமர்ந்த பெண் இருப்பாள்.

குழப்பம் விளிம்பில்தான். ஓரிடத்தில் வெள்ளி உரிந்து செம்பு நிறம் தெரிகிறது. அந்தக் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளி போர்த்தி அடித்த காசுகள் உண்டு. இது அந்த வகையா, பிற்காலப் போலியா? உருக்கி வார்த்த போலிகளின் விளிம்பில் தெரியும் வார்ப்புக் கோடு எதுவும் கண்ணில் படவில்லை.

எழுத்துகள் பாதி தேய்ந்திருக்கின்றன. படங்கள் கீழே. தேய்த்துக் கழுவ மனசு வரவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். விற்கும் எண்ணமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வேறு கோணத்தில் படம் வேண்டுமென்றாலும் எடுத்துப் போடுகிறேன்.