மதகடி, கோரை ஓரம், கலிங்கு: நன்னீர் ஏரிகளில் தூண்டில் போட்ட அனுபவங்கள்

எந்த ஏரிக்குப் போனால் எந்த மீன் கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில் பிடித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஏரியின் எந்தப் பக்கம் நாம் போய் நிற்கலாம், அங்கே நிற்பதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பதே அது. ஒரே ஏரியில் மதகடியில் (பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் வாயிலின் அருகே) நிற்பவருக்கு ஒரு மீனும், எதிர்ப்புறத்துக் கோரைக்குள் நிற்பவருக்கு முற்றிலும் வேறொரு மீனும் கிடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம் ஏரிகளின் அமைப்பு அப்படிப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த கரை இருக்கும். அந்தக் கரையை ஒட்டித்தான் ஆழம் மிகுதி. அங்கிருந்து நீர்ப்பிடிப்பை நோக்கிப் போகப் போகத் தரை மெல்ல உயர்ந்து, முழங்கால் அளவு நீராகி, கோரையும் சேறுமாகி, கடைசியில் புஞ்சை நிலத்தில் கலந்துவிடும். கரைக்கு வண்டியிலேயே போய்விடலாம் என்பதால் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கரையின் உட்சரிவில் பதித்திருக்கும் அலைகற்களின் இடுக்குகளில் ஜிலேபிக் கெண்டை எப்போதும் இருக்கும். 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், பெண் மீன் தன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாப்பதாலும், எந்த நீரிலும் பிழைத்துக்கொள்வதாலும், இன்று அது இல்லாத ஏரியே இல்லை என்னும் அளவுக்குப் பரவிவிட்டது. சிறிய தூண்டில் முள்ளும் ஒரு துண்டு மண்புழுவும் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நீரில் மிதக்கும் தக்கையின் அசைவைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மீன் கிடையாது.

மதகின் அருகே ஆழம் இன்னும் கூடுதல். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடித்தரையிலும் மேயும் மீன்கள் என்பதால், தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலான நரம்பின் (தூண்டில் நூலின்) நீளத்தை மாற்றுவதாலேயே ஒரே இடத்தில் மூன்றையும் நாடலாம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைக்கு இவை வரும். ஆனால் மதகு திறந்திருக்கும் நாளில் அங்கே நிற்காதீர்கள். மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் நீரின் இழுப்பு கடுமையாக இருக்கும். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

என் மனம் எப்போதும் செல்வது கோரை ஓரத்துக்குத்தான், ஏனென்றால் அது விராலின் இடம். விராலுக்குக் காற்றிலிருந்து நேரடியாக மூச்சு வாங்கும் உறுப்பு உண்டு. ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போகும். அந்தச் சிறு சலசலப்பைக் கேட்கத் தெரிந்தவருக்கு விரால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அங்கே செல்ல வண்டித்தடம் இருக்காது. நீர்வரத்துக் கால்வாயின் ஓரமாக வயல் வரப்புகளில் நடந்துதான் போக வேண்டும், அந்த வரப்புக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதே முறை.

பல ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை நின்ற ஒரு காலையில், கோரை ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திரள் நீரின் மேல் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். பார்ப்பு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதன் அடியில் பெரிய மீன் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தவளையை முள்ளில் கோத்து அந்தத் திரளின் நடுவே போட்டேன். போட்ட மாத்திரத்தில் நரம்பு விறைத்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால். அதைப் பையில் இட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, அந்தத் திரள் சிதறத் தொடங்கியிருந்தது. சற்று நேரத்தில் மீன்கொத்தி ஒன்று மேலிருந்து பாய்ந்து பாய்ந்து எடுத்தது. நீருக்கு அடியிலிருந்தும் ஏதோ அவற்றைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. தவளைக்காக அந்த மீன் பாயவில்லை, குஞ்சுகளைக் காக்கவே பாய்ந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விராலில் தாயும் தந்தையும் சேர்ந்து வாரக்கணக்கில் குஞ்சுகளைக் காக்கும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையையே அழித்துவிட்டேன். அன்றிலிருந்து பார்ப்பு தெரிகிற இடத்தில் நான் தூண்டில் போடுவதே இல்லை. இதைப் படிப்பவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

சம்மதம் என்று சொன்னேன் அல்லவா, அதையும் ஒரு தவறு செய்துதான் கற்றேன். தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உடைய ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதைவிடப் பெரியவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஆனால் நீர் யார் பொறுப்பில் இருந்தாலும், அதிலுள்ள மீன்பாசி உரிமை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். இதை அறியாமல் ஓர் ஏரியில் காலை முழுவதும் தூண்டில் போட்டு நான்கு கட்லாக்களைச் சேர்த்து வைத்திருந்தேன். குத்தகைதாரர் வந்தார். குரலை உயர்த்தவில்லை. மீன்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவை தானாக வந்தவை அல்ல, நான் குஞ்சாக வாங்கி விட்டவை" என்றார். ஓடும் நீர் இல்லாத ஏரியில் கட்லாவும் ரோகுவும் இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதையும், ஆண்டுதோறும் பணம் கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டு, நீர்க்காகங்களிடமிருந்து அவற்றைக் காப்பாற்றினால்தான் அறுவடை என்பதையும் அவர் விளக்கியபோது எனக்குப் பேச்சு எழவில்லை. மீன்களை அவரிடமே கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் வளர்ப்பு மீன்களோடு இரைக்குப் போட்டியிடும் ஜிலேபியை வேண்டிய மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கட்லா மாட்டினால் காயப்படாமல் விட்டுவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த ஏரிக்கு இன்றும் போய் வருகிறேன்.

* * *

மேலே ஏரிகளைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு மேட்டூர் நினைவுக்கு வந்தது. அங்கே கரை என்பதே நிலையானதல்ல. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நீர் நிறைந்திருக்கும்போது நிற்கிற இடம், கோடையில் தண்ணீரிலிருந்து வெகு தூரம் தள்ளிப் போய்விடும். இடைப்பட்ட நிலம் மேலே வெடித்தும் உள்ளே குழைந்தும் இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடி பரிசல் துறைக்கு அருகே மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணையை ஒட்டிய பகுதியில் தூண்டில் போட இயலாது. நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பது உரிமம் பெற்ற மீனவர்களின் வாழ்வாதாரம் என்பதால், அவர்களோடு பேசிப் பழகியே எதையும் தெரிந்துகொள்ள முடியும்.

அப்படிப் பழகிய ஒரு முதியவருடன் பரிசலில் போன ஒரு மாலையை மறக்க மாட்டேன். நடுநீரில் ஓரிடத்தில் துடுப்பை நிறுத்தி, "இதற்குக் கீழேதான் காவிரி ஓடியது" என்றார். அணை கட்டுவதற்கு முந்தைய ஆற்றுப்படுகை நீர்த்தேக்கத்தின் அடியில் இன்னும் ஒரு பள்ளமாகக் கிடக்கிறது என்றும், பெரிய வாளைகள் பகலில் அங்கேயே படுத்திருந்து இருட்டியதும் இரை தேடி ஓரத்துக்கு வருமென்றும் சொன்னார். அன்றிரவு அவருடைய தூண்டில் கயிற்றில் ஏறிய வாளை ஏறக்குறைய என் இடுப்பளவு நீளம் இருந்தது. அகன்ற வாய், வரிசை வரிசையாகப் பற்கள், வெள்ளி போன்ற உடல். இந்த இனத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனங்களில் சேர்த்திருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தான் இளைஞராக இருந்தபோது இதைப்போல வாரத்துக்கு நான்கைந்து கிடைத்தன என்று அவர் சொன்னதை அதனோடு சேர்த்து யோசிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

* * *

நீங்கள் இருவரும் சமவெளி நீரைப் பற்றி எழுதிவிட்டீர்கள், மலை ஏரிகளைப் பற்றி நான் சேர்க்கிறேன். சமவெளியில் பழகியவர்கள் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ வந்தால் முதலில் பொறுமையை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நீரில் மீன் மெதுவாகத்தான் இரையெடுக்கும். பனி விலகி வெயில் நீரில் இறங்கும் வரை தக்கை அசையாமல் கிடக்கும். இங்கே முக்கியமான மீன் கண்ணாடிக் கெண்டை. உடல் முழுவதும் செதில் இல்லாமல், ஆங்காங்கே பெரிய செதில்கள் கண்ணாடித் துண்டுகளைப் போல மின்னுவதால் அந்தப் பெயர். 1939இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லாவைப் போல் அல்லாமல் இது தேங்கிய நீரிலேயே செடிகளின் மீது முட்டைகளை ஒட்டிவைத்துப் பெருகும். ஆகவே யாரும் குஞ்சு விட வேண்டிய தேவையில்லை. அடிச்சேற்றைக் கிளறி மேயும் வழக்கம் உடையது என்பதால், அது இரை தேடும் இடத்தில் நீர் கலங்கியும் சிறு குமிழிகள் எழுந்தும் காணப்படும். நான் அந்தக் குமிழிகளைத் தேடித்தான் இடம் பிடிப்பேன்.

1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரி நட்சத்திரம் போலப் பல கைகளாகப் பிரிந்திருக்கிறது. சுற்றிலும் சாலை உண்டு, நடந்தே முழுவதையும் பார்த்துவிடலாம். படகுகள் ஓயாமல் செல்லும் பகுதியை விட்டுவிட்டு, கைகளின் நுனியில் செடி படர்ந்த மூலைகளுக்குச் செல்லுங்கள்.

டிரவுட் மீனை நாடுகிறவர்களுக்கு வேலை கூடுதல். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இலிருந்தே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் இருந்து வருகிறது. அந்தப் பக்கத்து நீரோடைகளும் நீர்த்தேக்கங்களும் அதன் இருப்பிடம். அவை காப்புக்காட்டுப் பகுதிகள் என்பதால், மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றுக்கொண்டே செல்ல வேண்டும். எனக்கு அங்கே ஒரே ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. காலை முழுவதும் ஒன்றும் கடிக்கவில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது, பாறை ஒன்றின் நிழலில் நீர் சுழித்துத் திரும்பும் இடத்தில் முள் இறங்கியதும் உள்ளங்கை நீளத்துக்குச் சற்றே பெரிய வானவில் டிரவுட் ஒன்று நீரைவிட்டுத் துள்ளியது. பக்கவாட்டில் ஓடிய அந்த இளஞ்சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கையை நீரில் நனைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். உலர்ந்த கையால் தொட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய்விடும், பிறகு அது நோய்க்கு எளிதில் இரையாகும்.

* * *

தூண்டிலைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் கண்மாய் வற்றும் காலத்தில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில்தான் நான் முதன்முதலில் மீனைக் கையால் தொட்டேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தாவை (மேலும் கீழும் திறந்த மீன்பிடிக் கூடையை) சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். அம்மா சொல்லியிருந்ததை மறந்து, வழுவழுப்பாக ஏதோ பட்டதும் இறுக்கிப் பிடித்தேன். அது தேளி மீன். அதன் பக்கவாட்டு முள்ளில் நஞ்சு உண்டு. கை தோள் வரைக்கும் எரிந்தது. வீட்டில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் கையை அதில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகே வலி இறங்கியது. வீக்கம் தணியாவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கெளுத்தியின் முள்ளும் இதைப்போலக் குத்தும் என்பதால், தூண்டிலில் மாட்டினாலும் தலைக்குப் பின்னால் முட்களுக்கு அடியில் விரல்களைக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். மற்றபடி அந்த நாளைப் போல் மகிழ்ச்சியான நாள் எனக்கு நினைவில்லை. குத்தகை, உரிமம் என்று எதுவும் இல்லாமல், ஊத்தா கொண்டுவந்த எல்லோருக்கும் அன்று கண்மாய் சொந்தமாக இருந்தது.

* * *

இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்த நானே மீண்டும் எழுதுகிறேன். சிவகங்கை அம்மா எழுதிய தேளி அனுபவம் மிகவும் பயனுள்ளது. எனக்கும் இருமுறை குத்தியிருக்கிறது. விட்டுப்போன இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கல், கரிக்கிலி, வேட்டங்குடி போன்ற ஏரிகள் பறவைகள் சரணாலயங்கள். அங்கே எவ்வளவு மீன் துள்ளினாலும் தூண்டில் கூடாது. அவை நீர்ப்பறவைகள் கூடு கட்டும் இடங்கள். அடுத்தது, வெடி வைத்தும் மருந்து கலந்தும் மீன் பிடிப்பதை எங்கேனும் கண்டால் தயங்காமல் முறையிடுங்கள். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே அது குற்றம்.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பி மிகுநீர் வழியும் கலிங்கு பாயும்போது சினை மீன்கள் நீரை எதிர்த்து ஏறுவதையும், அங்கே வலையுடன் கூட்டம் காத்திருப்பதையும் பற்றித் தனியே எழுத எண்ணியிருக்கிறேன். நான் சொன்ன குத்தகைதாரர் தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். நீர் இறங்க இறங்கக் கோரை ஓரம் எவ்வளவு தூரம் உள்ளே நகர்கிறது, அங்கே விரால் மேலே வரும் சத்தம் எத்தனை இடங்களில் கேட்கிறது என்பதை இந்த முறை குறித்துக்கொண்டு வருகிறேன்.