இரட்டை ஆறு: பகடை உருட்டுதா, நிரல் உருட்டுதா?

கேள்வி: தாயக்கட்டை

பழைய டி மேரே கணக்கு (17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சூதாட்டப் பிரியர் ஒருத்தர் கேட்டது). ஒரு பகடையை 4 தடவை உருட்டினா ஒரு ஆறாவது விழ வாய்ப்பு எவ்வளவு? ரெண்டு பகடையைச் சேர்த்து 24 தடவை உருட்டினா ஒரு இரட்டை ஆறாவது விழ எவ்வளவு?

பைத்தான் நிரல்மொழியில், ரேண்டம் தொகுதியோட ரேண்ட்இன்ட் (ரெண்டு எல்லைக்குள்ள ஒரு முழு எண்ணைக் குலுக்கித் தர்ற செயற்கூறு) வச்சு எழுதியிருக்கேன். முதல் கேள்விக்கு 0.52 பக்கமா வருது, சரி. ரெண்டாவதுக்கு 1000 ஆட்டம் (24 உருட்டு ஒரு ஆட்டம்) ஓட்டினா 0.476, 0.509, 0.488, 0.514 என்று ஆடுது. 10 ஓட்டத்தில் 3 ஓட்டம் 0.5-ஐத் தாண்டிடுச்சு. சூத்திரப்படி 1 − (35/36)^24 = 0.4914. நிரல் தப்பா, இல்ல ரேண்டம் எண்ணே சரியில்லையா?

பதில் 1: ஈரோட்டுக்கணக்கு

ரெண்டும் தப்பில்லை, ஆட்டம்தான் பத்தலை. ஒரு விகிதத்தோட திட்டப்பிழை, அதாவது தற்செயலா விடை வழக்கமா எவ்வளவு ஆடும் என்கிற அளவு, p(1−p)/n-இன் வர்க்கமூலம் (p வாய்ப்பு, n ஆட்ட எண்ணிக்கை). p பாதிக்குப் பக்கம், n = 1000 என்றால் 0.0158. அதனால 0.46-லிருந்து 0.52 வரைக்கும் எது வந்தாலும் ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. 0.5-ஐத் தாண்டுறதுக்கே சுமார் 28 சதவீத வாய்ப்பு இருக்கு. பத்துக்கு மூணு அப்படியே பொருந்துது.

நீங்க பிடிக்கப் பார்க்கிற வித்தியாசம், 0.5-க்கும் 0.4914-க்கும் நடுவில், 0.0086. அது திட்டப்பிழையைவிட மூணு மடங்காவது பெரிசா இருந்தாத்தான் கண்ணை மூடிட்டு நம்பலாம். அதுக்கு 30,000 ஆட்டத்துக்கு மேல வேணும், 1 லட்சம் ஓட்டிடுங்க. திட்டப்பிழை 0.0016-க்கு இறங்கிடும். பிழையைப் பாதியாக்க ஆட்டம் நாலு மடங்கு என்பதை மறந்துடாதீங்க.

வேகத்துக்கு ரெண்டு வழி. இரட்டை ஆறு விழுந்த உடனே உள் லூப்பை உடைச்சுடுங்க. 24-க்குப் பதில் சராசரியா 17.7 உருட்டிலேயே ஆட்டம் முடியும். இல்லைன்னா நம்பைக்கு (NumPy, பைத்தானில் எண்களை மொத்தமா வேகமாக் கணக்கிடுற நூலகம்) மாறிடுங்க.

தாயக்கட்டை

நம்பைக்கு மாத்தினேன். அதே ரேண்ட்இன்ட், அதே 1, 6. ஒரு லட்சம் ஆட்டத்துக்கு விடை 0.0. ஒரு தடவைகூட விழலை!

பதில் 2: அரைப்புள்ளி

பெயர் ஒண்ணு, குணம் வேற. ரேண்டம் தொகுதியோட ரேண்ட்இன்ட்டில் 1, 6 கொடுத்தா 6-உம் உண்டு. நம்பையோட ரேண்ட்இன்ட்டில் மேல் எல்லை சேராது; 1, 7 கொடுக்கணும். உங்க பகடைக்கு ஆறாம் முகமே இல்லாமப் போச்சு. 0.0 வந்ததால மாட்டுச்சு. பகடைகளோட கூட்டுத்தொகைக்குச் சராசரி எடுத்திருந்தா 7-க்குப் பதில் 6 வந்திருக்கும், கவனிக்காமலே போயிருப்பீங்க. எதை ஓட்டுறதுக்கும் முன்னாடி ஒவ்வொரு முகமும் எத்தனை தடவை விழுந்துச்சுன்னு அச்சிட்டுப் பார்த்துடுங்க.

இந்தக் கணக்கில் அடிக்கடி பார்க்கிற இன்னும் ரெண்டு தப்பு, விடையை வச்சே கண்டுபிடிக்கலாம். 0.90 வந்தா, ரெண்டு பகடைக்குப் பதிலா 2 முதல் 12 வரை ஒரே எண்ணை எடுத்திருக்கீங்க என்று அர்த்தம். அங்கே 12-க்கு 1/36 இல்லை, 1/11. சரியா 0 அல்லது சரியா 1 வந்தா, சீட் (ரேண்டம் எண் வரிசை எங்கிருந்து தொடங்கணும்னு சொல்ற எண்) வைக்கிற வரி லூப்புக்கு உள்ளே மாட்டிக்கிட்டிருக்கும், ஒரே ஆட்டம்தான் லட்சம் தடவை ஓடுது. சீட்டை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை வைங்க.

நினைவகமும் ஒரு பார்வை. லட்சம் × 24 அணியில் ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட் என்றால் 19.2 எம்பி, ரெண்டு பகடைக்கு ரெண்டு அணி. பத்து லட்சம் ஆட்டத்துக்கு 384 எம்பி ஆயிடும். எண் வகையை 8 பிட்டா மாத்தினா 48 எம்பியில் அடங்கிடும்.

தாயக்கட்டை

1, 7 போட்டாச்சு: 0.4921. ஆனா 4/6-உம் 24/36-உம் ஒண்ணுதானே, ஏன் ஒண்ணு பாதிக்கு மேலே, இன்னொண்ணு கீழே?

பதில் 3: ஈரோட்டுக்கணக்கு

டி மேரேயும் இதையேதான் கேட்டார். கணித அறிஞர் பாஸ்கல் 1654 ஜூலையில் இன்னொரு கணித அறிஞர் ஃபெர்மாவுக்கு எழுதின கடிதத்தில் வருது: 4 உருட்டில் 671-க்கு 625 என்று சாதகம், 24-இல் பாதகம், ஆகவே கணிதமே முன்னுக்குப் பின் முரண் என்பது அவர் கட்சி. அவர் சூதாடித் தோற்றே இதைக் கண்டுபிடிச்சார் என்று சொல்ற கதையை நான் நம்புறதில்லை. திட்டப்பிழையைப் போல ரெண்டு மடங்கு வித்தியாசம் தெரியறதுக்கே 13,500 ஆட்டம், அதாவது (ஆட்டத்துக்கு 17.7 உருட்டு வீதம்) இரண்டேகால் லட்சத்துக்கு மேல் உருட்டு வேணும்.

நிரலில் ஒரு வரி மாத்துங்க. விழுந்ததா இல்லையான்னு பார்க்காம, ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை விழுந்ததுன்னு எண்ணுங்க (லூப்பை உடைக்கிற வரி இருந்தா எடுத்துடணும்). சராசரி ரெண்டுக்கும் 0.667, அந்த 4/6 இதுதான். ஆனா பங்கீடு வேற. 4 உருட்டில் ஒண்ணுகூட விழாதது 0.482, மூணோ அதுக்கு மேலோ 0.016. 24-இல் அதுவே 0.509, 0.028. சில ஆட்டத்தில் மூணு நாலுன்னு குவியுது, அதை ஈடுகட்ட வேற ஆட்டங்கள் வெறுங்கையா முடியுது. 25 உருட்டுக்கு ஓட்டிப் பாருங்க, 0.5055 பக்கம் வரணும்.