காளான் அறைக்குச் சுவர்: தெர்மோகோலில் தொடங்கி பஃப் பேனல் வரை

பெருந்துறையிலிருந்து:

ஆறு வருடமாகச் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். முதலில் தென்னங்கீற்றுக் கொட்டகைதான், தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் சாக்கு கட்டி நனைத்துவிடுவோம். ஐப்பசியிலிருந்து மாசி வரை நன்றாக வரும், பங்குனி பிறந்தால் போச்சு, மொட்டு காய்ந்து நின்றுவிடும். சிப்பிக்கு மொட்டு விடும் நேரத்தில் 28 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஈரப்பதமும் 85 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். கோடையில் பால் காளானுக்கு மாறலாம், அது 30 முதல் 35 டிகிரியில் வரும். ஆனால் என்னிடம் வாங்கும் கடைகள் வருடம் முழுக்கச் சிப்பிதான் கேட்டன, அதனால் ஏசி போட்ட அறை கட்ட இறங்கினேன்.

10க்கு 20 அடி, ஹாலோ பிளாக் சுவர். உள்பக்கம் 2 இஞ்ச் தெர்மோகோல், அதன்மேல் பிளைவுட். ரப்பர் பசை தடவிய முதல் நாளே தெர்மோகோல் கரைந்து குழி விழுந்தது, அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் அதைத் தின்றுவிடும். சரி என்று பசையை மாற்றி ஒட்டி முடித்தோம். கோடை முழுக்க அறை அருமையாக நின்றது.

தீபாவளி மழைக்கு அப்புறம்தான் வாடை வந்தது. காளான் வளரும் படுக்கைகளில் பச்சைப் பூஞ்சை. ஒரு பிளைவுட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்து கருப்பாக இருந்தது. உள்ளே பனிபோல் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் ஓடுகிறது, அந்த ஈரம்தான் என்று நினைத்தேன், பாதிதான் சரி. மழைக்காலத்தில் வெளிக்காற்று 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். என் அறை 24. வெளியிலிருக்கும் நீராவி பிளாக்கைத் தாண்டி, தெர்மோகோலின் இடுக்கு வழியாக வந்து குளிர்ந்த பிளைவுட்டின் முதுகில் படிந்திருக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் நீராவியைத் தடுக்கப் பாலிதீன் தாளை உள்பக்கம் போடச் சொல்லும் வீடியோவைப் பார்த்து நானும் அப்படியே செய்திருந்தேன். நம் சமவெளியில் குளிரூட்டும் அறைக்கு அந்தத் தடுப்பு வெப்பப் பக்கத்தில், அதாவது தெர்மோகோலுக்கு வெளியே, சுவரை ஒட்டி இருக்க வேண்டும். இந்த ஒன்று தெரியாமல் எட்டு மாத உழைப்பு போனது.

கூரைக்கு அடியில் போட்ட கண்ணாடிக் கம்பளியும் அப்படித்தான், நனைந்து கனத்துத் தொங்கிவிட்டது. அதில் வெப்பத்தைத் தடுப்பதே இழைகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான், அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வேலை முடிந்தது. காளான் அறைக்குப் பொருள் எடுக்கும்போது எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்று கேட்பதற்கு முன்னால் இது தண்ணீர் குடிக்குமா என்று கேளுங்கள். பிளைவுட், ஜிப்சம் போர்டு, மரச்சட்டம் எதுவும் உள்ளே வேண்டாம்.

இப்போது இருப்பது பஃப் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவில் பாலியூரித்தேன் நுரை வைத்த பலகை, சுவருக்கு 60 மில்லிமீட்டர், வெயில் நேராக அடிக்கும் கூரைக்கு 100. 2 இஞ்ச் தெர்மோகோல் செய்யும் வேலையை பஃப் ஒன்றேகால் இஞ்சிலேயே செய்யும். பிரித்த குளிர்கிடங்கு ஒன்றிலிருந்து பழைய பேனலாகத்தான் வாங்கினேன். பழையது வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் தகடு நுரையை விட்டுப் பிரிந்திருக்கும், கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர். இணைப்புகள் எல்லாவற்றிலும் சிலிக்கான் அடித்தேன். வெல்டிங் வேலை ஏதும் இருந்தால் பேனல் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், ஒரு பொறி போதும், நுரை பற்றிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறந்திருந்தேன். அறை அவ்வளவு இறுக்கமாக அமைந்ததில் முதல் அறுவடை முழுக்கத் தண்டு நீண்டு, குடை சிறுத்து வந்தது. காளான் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லை. அப்புறம் பேனலை வெட்டி, பூச்சி வலை கட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். கட்டும்போதே அந்த ஓட்டைக்கு இடம் விட்டிருக்கலாம்.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா சொன்னது சமவெளிக்குச் சரி, மலையில் அப்படியே திருப்பிப் போடணும். நாங்கள் மொட்டுக்காளான் போடுகிறோம். வித்து ஓடும்போது, அதாவது வித்திலிருந்து பூஞ்சை இழை படுக்கை முழுக்கப் பரவும்போது, உள்ளே 24 டிகிரி வேண்டும், மார்கழி ராத்திரியில் வெளியே 10க்குக் கீழே இறங்கும். உள்ளே இருக்கும் ஈரம்தான் வெளியே போகப் பார்க்கும், அதனால் தடுப்பு உள்பக்கம். இன்னொன்று, உள்கூரையைத் தட்டையாகப் போடாதீர்கள். எங்களுடையது தட்டை, காலையில் படுக்கைமேல் சொட்டிச் சொட்டிக் குடைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது, பாக்டீரியா. சாய்வாக மாற்றிய பிறகு தண்ணீர் சுவரோரம் வழிந்து போகிறது.

கடலூரிலிருந்து:

நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து பால் காளான் போடுகிறோம். பஃப் வாங்கக் கையில் காசு இல்லை. இரண்டு சிமென்ட் ஃபைபர் போர்டுக்கு நடுவில் தெர்மோகோல் வைத்தோம், பால் காளானுக்கு அந்தக் குளிர்ச்சியே போதும். ஆனால் கீழ் ஓரத்தை அடைக்காமல் விட்டதில் எறும்பும் எலியும் உள்ளே குடைந்துவிட்டன, இப்போது அரை அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவதாலும் கடல் காற்றாலும் சாதா திருகு ஒரே வருடத்தில் துருப்பிடித்து உடைந்தது, எவர்சில்வர் திருகே போடுங்கள். வயரைத் தெர்மோகோலுக்குள் புதைத்திருந்தோம், மேலுறை விறைத்து வெடித்திருப்பதை எலெக்ட்ரீஷியன் தம்பிதான் கண்டுபிடித்தார். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் அப்படித்தான் ஆகுமாம். பைப்புக்குள் விட்டு வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

அண்ணா, கழிவுநீர்க் குழாய்க்கு என்ன செய்தீர்கள்? எங்களுக்கு அது வழியாகத்தான் ஈ வருகிறது.

பெருந்துறையிலிருந்து:

குழாயை வளைத்து, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி வையுங்கள் அக்கா. ஈயும் வராது, வெளிச்சூடும் ஏறாது. படுக்கை இல்லாத நாட்களிலும் ஒரு குடம் ஊற்றிவிடுங்கள், அந்தத் தண்ணீர் வற்றினால் மறுபடி வழி திறந்துவிடும்.