கொழுப்புக் கரைக்கும் மாத்திரைக்கு வயது வரம்பு: மாசசூசெட்ஸிலும் வேண்டுமா? (மே 2024)

பாஸ்டன் செல்வி:
நியூயார்க்கில் ஏப்ரல் 22 முதல், உடல் இளைக்க, தசை ஏற்ற என்று விற்கும் சப்ளிமென்ட்டுகளை 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. மீறினால் 500 டாலர் வரை அபராதம். இங்கே அதே மாதிரி மசோதா பல தடவை வந்தும் தேறவில்லை. போன வாரம் என் மகளின் தோழி, 15 வயது, சிப்ஸ் பாக்கெட்டோடு அந்த டப்பாவையும் வைத்துப் பில் போட்டாள். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நம் தொகுதி உறுப்பினருக்கு மின்னஞ்சல் போட யார் வருகிறீர்கள்?

ஜிம் கார்த்தி:
கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. கடையில் தடுத்தால் பையன் போனில் வாங்குவான். அப்புறம், நியூயார்க் சட்டத்தில் ஸ்டீராய்டுக்குப் பக்கத்திலேயே, தசை வலுவுக்காக ஜிம் போகிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பெயரும் இருக்கிறது. எத்தனை வருட ஆராய்ச்சி நடந்த பொருள் அது! எழுதியவர்கள் ஜிம் பக்கமே போனதில்லை போலிருக்கிறது.

நாகர்கோவில்காரன்:
கார்சீனியா கம்போஜியாவும் அதில் உண்டு. நம்ம ஊர் கொடம்புளிதானே! மீன் குழம்புக்கும் ஆதார் கேட்பார்களா?

மருந்தாளர் மீனா:
குழம்பில் நாலு துண்டு போடுவதும் அதன் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையில் அடைப்பதும் ஒன்றல்ல, அண்ணே. அந்த மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கார்த்தி, ஆன்லைன் விற்பனையும் அந்தச் சட்டத்துக்குள் வரும். வெறும் புரோட்டீன் பவுடருக்கு விலக்கு உண்டு.
முக்கியமான விஷயம் வேறு. 1994இன் மத்திய அரசுச் சட்டப்படி இவற்றை விற்பதற்கு முன் எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதியே தேவையில்லை. கெடுதல் நடந்த பிறகுதான் அவர்கள் வர முடியும். உடல் இளைக்க விற்ற எபிட்ரா என்ற மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 2003இல் இறந்தார், வயது 23. எபிட்ராவுக்குத் தடை வந்தது 2004இல்.

ஜிம் கார்த்தி:
அப்படியானால் எஃப்.டி.ஏ.வுக்கு அதிகாரம் கேளுங்கள். அதை விட்டுவிட்டுக் கல்லாவில் நிற்கும் பையனைப் போலீஸ் ஆக்குவதா?

பாஸ்டன் செல்வி:
வாஷிங்டன் 30 வருடமாக யோசிக்கிறது தம்பி. சிகரெட்டுக்கு அடையாள அட்டை கேட்பவர்தானே அவர்? இதற்கும் கேட்கட்டும்.

ஜிம் கார்த்தி:
சரி, கிரியேட்டினை எடுத்துவிட்டு எழுதுங்கள், என் பெயரையும் சேர்க்கலாம். அதோடு அனுப்பினால், எதிர்த்து இன்னொரு மின்னஞ்சல் என்னிடமிருந்து போகும்.